பிராஸ் பாசாவில் ஒரு வணிகப் பல்கலைக்கழகமும் அதன் கலைக் கடனும்

பிராஸ் பாசா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி வெளியே வரக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2010-ல் வட்டப் பாதை ரயில் இங்கே ஓடத் தொடங்கியபோது சிங்கப்பூரிலேயே ஆழமான நிலையம் இதுதான், தரைக்குக் கீழே 35 மீட்டர். நீண்ட மின்படியில் நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக் கூரை தெரியும். கூரைக்கு மேலே ஆழமில்லாத ஒரு நீர்த்தடாகம். அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வெயில் உள்ளே இறங்குகிறது. மழை பெய்தால் துளிகள் விழுந்து வட்டம் வட்டமாக விரிவதை நனையாமல் கீழேயிருந்தே பார்க்கலாம். வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. அவசரமாக ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட ஒரு நொடி மேலே பார்த்துவிட்டுப் போவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

மேலே வந்ததும் வழி பிரிகிறது. ஒரு பக்கம் பழைய செயின்ட் ஜோசப் பள்ளிக் கட்டடம், 1996-ல் சிங்கப்பூர் கலை அரும்பொருளகமாக மாறியது. இன்னொரு பக்கம் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் நிலத்தடி நடைகூடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். கணக்கியல் வகுப்புக்கு ஓடுகிறவரும் ஓவியம் பார்க்க வந்தவரும் ஒரே மின்படியில்தான் ஏறி வருகிறார்கள்.

நகரத்தின் நடுவில், நாலா பக்கமும் அரும்பொருளகங்களும் கலைப் பள்ளிகளும் இருக்கும் இடத்தில், வணிகம் சொல்லித்தரும் இந்த நிர்வாகப் பல்கலைக்கழகம் வந்து உட்கார்ந்தபோது அதற்கும் காட்சிக் கலைக்கும் என்ன உறவு ஏற்பட்டது? அந்த உறவில் யாருக்கு என்ன கிடைத்தது? இந்த நிகழ்வு ஆய்வின் கேள்வி இதுதான். என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் கலை ஈடுபாட்டை அதன் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்பதை வைத்து அளக்கக் கூடாது. அது இந்த நகரத்துக்கு ஒரு கடன் பட்டிருக்கிறது. அந்தக் கடனை எங்கே, எப்படி அடைக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், நான் வணிகவியல் படித்தவன். மூன்று வருடம் படித்த கல்லூரியில் சுவரில் தொங்கியவை நிறுவனர் படமும் மின்விசிறி நிறுத்தும் நேரம் பற்றிய அறிவிப்பும்தான். ஓவியத்தின் முன்னால் எப்படி நிற்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், முதலில் எதைப் பார்க்க வேண்டும், புரியவில்லை என்றால் யாரைக் கேட்பது, எதுவுமே தெரியாமல் இருபத்தைந்து வயது வரை காட்சிக்கூட வாசலிலிருந்தே திரும்பி வந்தவன் நான்.

மாணவர்கள் போன ஊர்

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இங்கே எல்லாமே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பெராஸ் பாசா என்றால் மலாயில் ஈர அரிசி. இங்கே ஓடிய சிற்றாற்றின் கரையில் நனைந்த அரிசியைக் காயப்போட்டதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்தச் சிற்றாறு இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகத் தரைக்கு அடியில் போய்விட்டது. அதன் மேல்பக்கத்தில் நம் ஊர்க்காரர்களும் வங்காளத்திலிருந்து வந்தவர்களும் துணி வெளுத்தார்கள், டோபி காட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

தமிழர்களுக்கு இந்த மண்ணோடு இன்னொரு உறவும் இருக்கிறது. 1840-களில் இதே பிராஸ் பாசா பகுதியில் பெரிய கைதிச் சிறை ஒன்று எழுந்தது. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் அங்கே இருந்தார்கள். அவர்கள் கையால்தான் இந்த நகரத்தின் சாலைகளும் பாலங்களும் வந்தன, செங்கல்லும் அவர்களே சுட்டார்கள். பத்து நிமிட நடையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் 1856 முதல் 1861 வரை அவர்கள்தான் கட்டினார்கள். அந்த வெள்ளைச் சுவரின் பூச்சுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘மெட்ராஸ் சுனம்’ என்றுதான் பெயர். நம்முடைய சுண்ணாம்பேதான். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, வழவழவென்று தேய்த்து மெருகேற்றிய பூச்சு. அந்தக் கைகளின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இந்தப் பகுதியில் காட்சிக் கலை என்று பேச ஆரம்பித்தால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

சிறை 1873-ல் முடிவுக்கு வந்தது. அதற்கும் முன்பிருந்தே இது பள்ளிக்கூடங்களின் ஊராக இருந்தது, பிறகு இன்னும் அதிகமானது. ராஃபிள்ஸ் கல்வி நிலையம், செயின்ட் ஜோசப், கன்னிமாடப் பள்ளி, கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி, ஆர்மீனியன் தெருவில் தாவ் நான் பள்ளி. புத்தகக் கடைகளும் வரிசையாக இருந்தன. 1970-களிலும் 80-களிலும் இந்தப் பள்ளிகள் ஒவ்வொன்றாக இடம் தேடிப் புறநகருக்குப் போய்விட்டன. காலியான கட்டடங்களில் அரும்பொருளகங்கள் வந்தன. செயின்ட் ஜோசப் கலை அரும்பொருளகம் ஆனது, தாவ் நான் முதலில் ஆசிய நாகரிக அரும்பொருளகமாகி, பின்பு பெரனாக்கான் (உள்ளூர்ப் பெண்களை மணந்த குடியேறிகளின் வழிவந்த சமூகம்) அரும்பொருளகம் ஆனது. கட்டடம் பிழைத்தது. சாயங்காலமானால் தெருவில் ஆளில்லை. அரும்பொருளகத்துக்கு ஒரு குடும்பம் வருடத்துக்கு ஒருமுறை வரும், மாணவன் தினமும் வருவான், அந்த வித்தியாசம் தெருவில் தெரியும்.

இந்த நிலையில்தான் மாணவர்களைத் திரும்பவும் நகர நடுவுக்குக் கொண்டுவருவது என்று முடிவாகிறது. நன்யாங் நுண்கலைக் கழகம் (1938-ல் தொடங்கியது) பென்கூலன் தெருவில் புது வளாகம் கட்டிக்கொண்டது. லசால் கலைக் கல்லூரி 2007-ல் மெக்நேலி தெருவுக்கு வந்தது. சோட்டா எனப்படும் கலைப் பள்ளி 2010-ல் டோபி காட் பக்கம் வந்தது. இவை எல்லாம் கலை நிறுவனங்கள். நடுவில், இருப்பதிலேயே பெரிய நிலத்தில், வணிகப் பல்கலைக்கழகம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து வார்ட்டன் வணிகப் பள்ளியோடு கைகோத்து, அரசு நிதியும் தனி நிர்வாகமும் என்ற ஏற்பாட்டில், 2000-ல் சுமார் 300 மாணவர்களுடன் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. நாட்டின் மூன்றாவது. முதல் தலைவர் ஜானிஸ் பெலஸ், முதல் நிர்வாகக் குழுத் தலைவர் ஹோ குவோன் பிங். நாற்பத்தைந்து பேருக்கு மேல் இல்லாத வகுப்பு, கைதூக்கிப் பேசினால் மதிப்பெண், இதெல்லாம் அப்போது சிங்கப்பூரில் புதிது. சில வருடம் புக்கிட் தீமாவில் இருந்துவிட்டு 2005-ல் பிராஸ் பாசாவுக்குக் குடிவந்தது.

இடிந்த நூலகம்

இங்கேதான் கடன் வருகிறது. இதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பல்கலைக்கழகத்தின் கலைத் திட்டங்களை மட்டும் பட்டியல் போடுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

வளாகம் வரும் முன் அங்கே பிராஸ் பாசா பூங்கா என்று மரங்களோடு கூடிய திறந்த பசும்வெளி இருந்தது. ஓரமாக, ஸ்டாம்ஃபர்ட் சாலையில், சிவப்புச் செங்கல் தேசிய நூலகம். 1960 நவம்பரில் திறந்தது. அதைக் கட்டுவதற்கு லீ கொங் சியான் என்ற ரப்பர் அதிபர் 1953-ல் 3,75,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார், இரண்டு நிபந்தனைகளோடு: நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், ஆங்கிலத்தோடு இந்த மண்ணின் மொழிகளையும் வளர்க்க வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. சிங்கப்பூரில் இலவசமாகத் தமிழ்ப் புத்தகம் எடுத்துப் படித்த ஒரு தலைமுறை அந்த நிபந்தனைக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

1999, 2000 வாக்கில் வளாகத் திட்டம் பொதுப் பேச்சுக்கு வந்தபோது நூலகமும் போகப்போகிறது என்பது ஊருக்குத் தெரிந்தது. ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு அடியில் சுரங்கச் சாலை போடுகிறார்கள், சாலை வரும் வழியில் நூலகம் நிற்கிறது. அவ்வளவு சாதாரணமாகச் சத்தம் போடாத சிங்கப்பூரில் அன்று மக்கள் கடிதம் எழுதினார்கள், கூட்டத்தில் பேசினார்கள். கட்டடக் கலைஞர் தே கெங் சூன் 2000 ஜனவரியில் தன் செலவில் ஒரு மாற்றுத் திட்டமே தயாரித்துக் காட்டினார், சாலையை வேறு மாதிரி கொண்டுபோய் நூலகத்தையும் பசுமையையும் காப்பாற்றும் திட்டம். ஏற்கப்படவில்லை. 2004 மார்ச் 31-ல் நூலகம் கதவை மூடியது, பிறகு இடிக்கப்பட்டது. 2007-ல் சுரங்கச் சாலை திறந்தது. நூலக வாசலின் இரண்டு செங்கல் தூண்கள் மட்டும் இன்றும் அந்த ஓரத்தில் நிற்கின்றன.

நியாயமாகச் சொன்னால், இடித்தது பல்கலைக்கழகம் இல்லை. சாலையும் நகரத் திட்டமும்தான் இடித்தன. ஆனால் பூங்கா இருந்த நிலத்தில் எழுந்தது பல்கலைக்கழகம். நூலகம் போன அதே 2004-ல் லீ கொங் சியான் தொடங்கிய லீ அறநிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு 5 கோடி வெள்ளி கொடுத்தது, வணிகப் பள்ளிக்கு லீ கொங் சியான் பெயர் வைக்கப்பட்டது. ஒரே மனிதரின் பெயர் ஒரே வருடத்தில் ஒரு கட்டடத்தோடு போய், சற்றுத் தள்ளி இன்னொரு கட்டடத்தில் வந்து நின்றது. அவருடைய பணம் கல்விக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 1953-ல் அவர் போட்ட ‘எல்லோருக்கும் இலவசம்’ என்ற நிபந்தனை அந்தப் பெயரோடு சேர்ந்து இடம் மாறியதா? கடன் என்று நான் சொல்வது இதைத்தான்.

தரைத்தளம்

பல்கலைக்கழகம் செய்ததிலேயே சிறந்த காரியம் வேலி போடாததுதான். கலைத் திட்டங்கள் எல்லாம் அதற்கு அடுத்துதான் வரும்.

வடிவமைப்புப் போட்டியில் வென்றது பிரிட்டனின் எட்வர்ட் கல்லினன் கட்டடக்கலை நிறுவனம். சுற்றிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவாலயங்களும் பள்ளிகளும் இருப்பதால் கட்டடங்களை உயர்த்தாமல் தாழ்வாகவே வைத்தார்கள். வகுப்பறைகளை மேலே தூக்கிவிட்டு, தரைத்தளத்தில் பெரும்பகுதியைத் தெருவோடு தெருவாக விட்டுவிட்டார்கள். பழைய சிங்கப்பூர்க் கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை இருக்குமே, வெயிலும் மழையும் படாமல் ஊரே நடந்து போகும், அந்தக் குணம் இங்கே இருக்கிறது. நம் ஊர்த் திண்ணையும் அதே சாதிதான். வீட்டுக்காரர் இடம், ஆனால் வழிப்போக்கர் உட்காரலாம்.

வாசலில் காவலர் நிறுத்தி அடையாள அட்டை கேட்பதில்லை. அரும்பொருளகம் பார்த்துவிட்டு வரும் குடும்பம் வளாகம் வழியாகவே குறுக்கே நடந்து அடுத்த தெருவுக்குப் போகிறது. நடுவில் பசுமை கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறார்கள், பூங்கா அளவுக்கு இல்லை, ஆனாலும் உட்காரலாம். 2008-ல் தொடங்கிய சிங்கப்பூர் இரவு விழாவின்போது இந்தப் புல்வெளியும் விழாக்களம் ஆகிவிடும். எதிரே தேசிய அரும்பொருளகத்தின் வெள்ளை முகப்பில் ஒளிச்சித்திரங்கள் ஓட, அப்பா தோளில் குழந்தைகள், கையில் ஐஸ்கிரீம், பாதிப்பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில். கலை பார்க்க வந்தோம் என்று அவர்களில் பலர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒரு வணிகப் பல்கலைக்கழகத்தின் நிலத்தை ஊரே இப்படித் தன் முற்றமாகப் பயன்படுத்துவது சாதாரண விஷயம் இல்லை. மதிப்பு மிகுந்த நகர மைய நிலம் இது. தரைத்தளத்தை மூடி வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட அங்கேயே ஆயிரம் மாணவர்கள் இருக்கிறார்கள்.

மிலானின் பொக்கோனி பல்கலைக்கழகத்தையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். 1902-ல் தொடங்கிய பொருளாதார, வணிகப் பல்கலைக்கழகம். அங்கே 2008-ல் டப்ளினின் கிராஃப்டன் கட்டடக்கலை நிறுவனம் ஒரு கட்டடம் வடிவமைத்துத் தந்தது, அந்த வருடம் உலக அளவில் சிறந்த கட்டடத்துக்கான விருதும் வாங்கியது. பெரிய கல் மலை மாதிரி இருக்கும் அந்தக் கட்டடம் ஒரு மூலையில் தெருவைப் பார்த்து அகலமான ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது, நடைபாதையில் போகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கலைக்கும் பண்பாட்டுக்கும் பொருளாதாரம் கற்பிக்கும் பட்டம் வைத்திருக்கிறார்கள், நடைவழிகளில் சமகாலக் கலைப் படைப்புகளும் உண்டு. இரண்டு ஊரிலும் தரைத்தளம் எப்படி நகரத்தைப் பார்க்கிறது என்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது.

கூடமும் பாடமும்

ஸ்டாம்ஃபர்ட் சாலைப் பக்கக் கட்டடத்தில் டி சுவாந்தியோ கலைக்கூடம் இருக்கிறது. பல்கலைக்கழகக் கலைக்கூடம் என்றால் பொதுவாக மாணவர் வேலைகளைக் காட்டுகிற அறை என்று நினைப்போம். இது 2016 சிங்கப்பூர் பியனாலேயின் அதிகாரபூர்வக் காட்சியிடங்களில் ஒன்றாக இருந்தது. கலை அரும்பொருளகத்தில் தொடங்கி, தேசிய அரும்பொருளகம், பெரனாக்கான் அரும்பொருளகம் என்று நடந்து வருகிற பார்வையாளர் வழியில் இங்கேயும் நுழைந்து போகும்படி. நாட்டின் முக்கியமான சமகாலக் கலை விழா ஒரு வணிகப் பல்கலைக்கழகத்தை வெறும் பக்கத்து வீடாக வைக்காமல் உள்ளே சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் பாடம். இங்கே ஓவியப் பட்டம் கிடையாது, சிற்பப் பட்டம் கிடையாது. கணக்கியலோ பொருளியலோ முதன்மைப் பாடமாக எடுத்தவர், இரண்டாம் பாடமாகக் கலை, பண்பாட்டு நிர்வாகம் எடுக்கலாம். ஒரு கண்காட்சிக்கு நிதி எப்படித் திரட்டுவது, பார்வையாளரை எப்படிப் புரிந்துகொள்வது, அரசின் பண்பாட்டுக் கொள்கை எப்படி வேலை செய்கிறது, காப்புரிமை என்றால் என்ன, இப்படிப்பட்ட துறை இது. ஐந்து நிமிடத்தில் அரும்பொருளகம், பத்து நிமிடத்தில் தேசியக் கலைக்கூடம் என்று இருக்கிற இடத்தில் இந்தப் பாடத்துக்கு ஊரே ஆய்வகம்.

இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். கலையை உருவாக்கக் கற்றுத்தராமல் நிர்வகிக்க மட்டும் கற்றுத்தருவது என்ன கலை ஈடுபாடு என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. பக்கத்திலேயே இரண்டு நுண்கலைக் கழகங்கள் இருக்கின்றன, 2024-ல் அவை சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகம் என்ற குடையின் கீழ் சேர்ந்தும் விட்டன. அவர்கள் செய்வதை இவர்களும் செய்ய வேண்டியதில்லை. ஓவியர்களுக்கு இல்லாதது பெரும்பாலும் ஓவியம் தெரிந்த கணக்காளர்தான். மானிய விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து ‘இதில் கையெழுத்துப் போடாதீர்கள்’ என்று சொல்லத் தெரிந்தவர், காட்சிக்கூடத்தின் வாடகைக்கும் விளக்குக்கும் காப்பீட்டுக்கும் கணக்கு வைப்பவர். இப்படி ஒருவர் கூட இருந்தால் ஒரு சிறு கலைக்குழு கூடுதலாகச் சில வருடம் உயிரோடு இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. இரண்டாம் பாடம் என்பது விரும்பி வருகிறவருக்கு. விரும்பி வருகிறவர் ஏற்கெனவே பாதி வழி வந்தவர். என்னைப் போல் வாசலிலிருந்தே திரும்பிப் போகிற மாணவரை யார் கூப்பிடுவார்கள்? இதே பல்கலைக்கழகம் பட்டம் வாங்க 80 மணி நேர சமூக சேவையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சேவையைக் கட்டாயமாக்கலாம் என்றால் பார்ப்பதையும் ஆக்கலாம்.

பார்ப்பது என்று நான் சொல்வது என்ன என்று ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். தேசியக் கலைக்கூடத்தில் சுவா மியா டீ 1959-ல் வரைந்த தேசிய மொழி வகுப்பு ஓவியம் இருக்கிறது. வட்ட மேசையைச் சுற்றிப் பல இனத்தவர் உட்கார்ந்து மலாய் கற்கிறார்கள். ஆசிரியர் நிற்கிறார். கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

முதல் முறை பார்த்தபோது, ‘சரி, வகுப்பறை’ என்று நகர்ந்துவிட்டேன். மறுமுறை நண்பர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பதினைந்து நிமிடம் நின்றோம். அந்த வருடம்தான் சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்தது என்பது ஞாபகம் வந்தது. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் இரண்டு கேள்விகளே ஒரு நாட்டின் கேள்விகளாக இருக்கின்றன. நீ யார், இது உன் இடமா. யாருடைய கண் பலகையில், யாருடைய கண் புத்தகத்தில், யார் இன்னும் கொஞ்சம் தயங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தது. வேலை தேடி வேறு நாட்டுக்கு வந்து, குடிநுழைவுப் படிவத்தில் அதே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதியவன் நான். அந்தப் பதினைந்து நிமிடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு படத்தின் முன்னால் பதினைந்து நிமிடம் நிற்க வைத்து, பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னால் போதும். கருத்து வேண்டாம், விளக்கப் பலகை படிக்க வேண்டாம். கண்ணால் பார்த்தது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று பிரிக்கத் தெரியாமல்தான் நிறுவனங்களில் பல தப்பு முடிவுகள் எடுக்கிறோம். நானே எடுத்திருக்கிறேன். அதை ஒரு நிதிநிலை அறிக்கையை வைத்துச் சொல்லித்தருவதைவிட ஓவியத்தை வைத்துச் சொல்லித்தருவது எளிது, ஏனென்றால் ஓவியத்தில் யாருக்கும் நஷ்டம் வராது, தைரியமாகத் தப்பு செய்யலாம்.

அக்கம்பக்கம் காலியானபோது

ஒரு நிறுவனத்தின் ஈடுபாடு தெரிவது அக்கம்பக்கத்தில் கஷ்டம் வரும்போதுதான். கடந்த சில வருடங்களில் பிராஸ் பாசாவின் காட்சிக் கலைக்கு நிறையவே கஷ்டம் வந்தது.

கலை அரும்பொருளகம் சீரமைப்புக்காகத் தன் பழைய பள்ளிக் கட்டடத்தை மூடியது. 2022 முதல் தஞ்சோங் பகாரில், துறைமுகத்துக்கு அருகில் ஒரு சரக்குக் கிடங்கு வளாகத்தில் காட்சிகள் நடத்துகிறது. அதற்கு முன்பே, 2021-ல், ஆர்மீனியன் தெரு 45-ஆம் எண்ணிலிருந்து சப்ஸ்டேஷன் வெளியேறியது. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990-ல் ஒரு பழைய மின் துணைநிலையத்தில் தொடங்கிய சுதந்திரக் கலை மையம் அது. புதியவர்கள் தோற்றுப்போகவும் இடம் கொடுத்த வீடு என்று பழைய கலைஞர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். பல்கலைக்கழக வளாகத்திலிருந்து கல் எறிந்தால் விழும் தூரம்.

அங்கேதான் வணிகப் பல்கலைக்கழகத்தின் பங்கைப் பற்றி எனக்குக் கேள்வி வருகிறது. நூலகம் போயிற்று, பூங்கா சுருங்கியது, கலை அரும்பொருளகம் தூரமாயிற்று, சப்ஸ்டேஷன் வீட்டை இழந்தது. நிலையாக இருப்பது பல்கலைக்கழகம். மாணவர் வருகை நிற்காது, கட்டடம் இருக்கிறது, நன்கொடையாளர்களும் இருக்கிறார்கள். இப்போது இந்தப் பகுதியில் அதுதான் மூத்த பிள்ளை. மூத்த பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு உண்டு.

என்ன செய்யலாம்? சிறு கலைக்குழுக்களுக்குப் பெரும்பாலும் கட்டடம்தான் கழுத்தை நெரிக்கும். வாடகை, ஒத்திகை இடம், பொருள் வைக்க ஓர் அறை. விடுமுறை மாதங்களில் காலியாகும் வகுப்பறைகளில் இரண்டை அவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு அந்தக் குழுவின் கணக்கையும் நிதித் திட்டத்தையும் மாணவர்கள் பாடமாக எடுத்துச் செய்தால் இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ளும். மாணவர்களுக்குக் கையில் உண்மையான வரவுசெலவு கிடைக்கும், தாளில் கற்பனை நிறுவனம் வேண்டாம். கலைஞருக்கு ஒரு வருடம் மூச்சு விடக் கிடைக்கும். செலவு அதிகம் ஆகாது. யாராவது ஒருவர் சாவியை வைத்துக்கொண்டு பொறுப்பாக நிற்க வேண்டும், கலைத் துறை என்று ஒன்று தனியாக இல்லாத பல்கலைக்கழகத்தில் அந்த ஒருவர் கிடைப்பதுதான் கடினம். ஆர்வமுள்ள பேராசிரியர் இருக்கும்வரை நடக்கும், அவர் போனால் நின்றுவிடும். கலைக்கூடத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. அதனால் இதை ஆளைச் சார்ந்து விடாமல் பதவியாக்கி, சம்பளம் வைத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டடங்களுக்கு நன்கொடையாளர் பெயர் வைப்பதில் எனக்கு வருத்தமில்லை, கொடுத்தவர் பெயர் நிற்கட்டும். ஆனால் கைதிகள் செங்கல் சுட்ட, வண்ணார்கள் துணி துவைத்த, மாணவர்கள் புத்தகம் எடுத்த மண் இது. வளாகத்தின் நிலத்தடி நடைகூடச் சுவர்களில், தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிற அந்த நீண்ட சுவர்களில், இந்த வரலாற்றை ஒரு கலைஞர் கையில் கொடுத்து சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளிலும் செய்யச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். எம்ஆர்டி நிலையத்துக்குள் காணொளிக் கலைப் படைப்பு வைத்திருக்கிறார்கள், நிலைய அறிவிப்பும் தமிழில் ஒலிக்கிறது. மின்படி ஏறியதும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட வேண்டாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மீண்டும் அந்த வழியே நடந்தேன். வளாகத்தைக் குறுக்காகக் கடந்து ஸ்டாம்ஃபர்ட் சாலைக்கு வந்தால் எதிர்ப்புறம் தேசிய அரும்பொருளகத்தின் புல்வெளியில் பெரிய வெண்கல மிளகாய் ஒன்று நிற்கிறது. மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் குமாரி நாகப்பன் செய்த பெடாஸ் பெடாஸ். காரம் காரம் என்று பொருள். மூன்று பல்கலைக்கழக மாணவர்கள், தோளில் மடிக்கணினிப் பை, அதன் முன்னால் நின்று ஏதோ விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் மிளகாயின் காம்பு எங்கே வளைகிறது என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பச்சை விளக்கு இரண்டு முறை மாறியும் அவர்கள் சாலையைக் கடக்கவில்லை.